கொச்சிக்குப் போன காலிப்பெட்டி

வேலைக்குப் போக என் மகள் பாபநாசத்தை விட்டுக் கொச்சியைத் தேர்ந்தெடுத்தாள். பல பாஷைக்காரர்கள் கலந்து வாழும் ஊராம். குண்டரிசி தின்கிற ஊரெல்லாம் ஓர் ஊரா? பெண்பிள்ளையைத் தனியே விடலாமா? போன ஒரே மாதத்தில் அவளைத் திருப்பிக் கூட்டிவர, அவள் துணிமணிக்கென்று காலிப்பெட்டியோடு போய் இறங்கினேன்.

அவள் குடியிருப்பில் லிஃப்ட் என்னோடு பாதியில் நின்றது. துபாயில் பாதி வயதைக் கழித்த மாவீரன், பெட்டிமேல் உட்கார்ந்து, "செத்தேம்மா!" என்று அலறினேன்.

"அத்தா, கத்தாதீங்க. ஃபேன் ஓடுதுல்ல?" வெளியிலிருந்து மகளின் குரல். காவலாளியிடம் இந்தியில், பக்கத்து வீட்டாரிடம் மலையாளத்தில் ஏதேதோ சொன்னாள். கதவு திறந்தது. மாடியே திரண்டு நின்றது.

அவள் பெட்டியைப் பார்த்தாள். "என்னையக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"சேச்சே! உனக்குப் பெட்டி குடுக்க வந்தேன்."

வெறுங்கையோடு ஊர் திரும்பினேன். அந்த லிஃப்டை இன்னும் திட்டுகிறேன். தனியே விடக்கூடாத ஆள் எங்கள் வீட்டில் யார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.