யாளியின் நெற்றிக்கண்

செங்கம் சாலையில் நான் தங்கியிருக்கும் விடுதி வாசலில், பழைய தேரிலிருந்து கழன்று வந்த மர யாளி வெயிலில் நிற்கிறது. நெற்றியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதை அடைக்க, மரத்தூளைப் பசையில் குழைத்துக்கொண்டு தச்சர் ஸ்டூலில் ஏறுகிறார். பக்கத்தில் கடை போட்டிருக்கும் பூக்காரம்மா விடுவதாயில்லை. கிரிவலம் போகிறவர்கள் அந்த வெடிப்பை நெற்றிக்கண் என்று நம்பி, குங்குமம் வைத்துப் பூச்சாத்துகிறார்களாம்.

"மழை பேஞ்சா தண்ணி உள்ள இறங்கி, தலையே ரெண்டா பொளந்துடும்மா," என்கிறார் தச்சர்.

"கண்ண மூடிட்டா என்கிட்ட யாரு பூ வாங்குவாங்க?"

தச்சர் யோசிக்கிறார். பிறகு அந்தம்மாவிடமே குங்குமம் வாங்கிப் பசையில் கலக்கிறார். வெடிப்பைச் சிவப்பாக அடைத்து, உளி முனையால் நடுவில் ஒரு கருவிழியைக் கீறுகிறார். கீழே இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்.

"நீங்க இப்பத்தானே செஞ்சீங்க?" என்கிறேன்.

"கண்ணு தொறந்தாச்சே சார். இனிமே அது என்னைப் பாக்குது."

சிரிக்க வாய் திறக்கிறேன். பூக்காரம்மா என் காலைப் பார்த்து முறைக்கிறார். நானும் செருப்பைக் கழற்றுகிறேன்.