கையை விடு என்ற ரோசலின் டீச்சர்

பதுளை பஸ் ஸ்டாண்டில் ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ரோசலின் டீச்சரின் தம்பி போன் செய்தார். “மாஸ்டர், அக்கா காலையில போயிட்டாங்க.” பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மனிதரிடம், “எங்க டீச்சர் போயிட்டாங்க. அவங்க மாதிரி ஆளு இந்த ஊவா மாகாணத்துலயே கெடையாது” என்றேன். அதில் ஒரு சொல்லைக்கூட இன்றும் குறைக்க மாட்டேன்.

தோட்டப் பாடசாலையில் என்னோடு படிப்பித்தவர், ஃபாதர் வராத ஞாயிறுகளில் நம் கோயிலில் செபம் நடத்தியவர் என்று கோயிலுக்கு வரும் உங்களுக்கு அவரைத் தெரியும். கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் என்ற வேத வசனமும் புத்தர் போதித்த வெறுமையும் எங்கே தொடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று அவர் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவந்தது பலருக்குத் தெரியாது. ஹாலிஎலப் பக்கத்து விகாரையில் இருக்கும், நாங்கள் ஹாமதுரு என்று அழைக்கும் பிக்குவிடம் சிங்களத்தில் கேட்டுக் கேட்டு எழுதினார்.

ஒருநாள் அந்தப் பிக்குவை வீட்டுக்குப் பகல் உணவுத் தானத்துக்கு அழைத்தார்; நானும் போயிருந்தேன். நாற்காலிக்கு வெள்ளைத் துணி, ஏழு கறி, எல்லாம் முறைப்படிதான். ஆனால் பற்றை விடுவது பற்றிப் பேச ஆரம்பித்த டீச்சர் நிறுத்தவே இல்லை. இடைமறிக்கக் கூச்சப்பட்டு அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. அதற்குமேல் பிக்கு உண்ணமாட்டார். டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஹாமதுரு சிரித்துக்கொண்டே சிங்களத்தில் சொன்னதை டீச்சரே எனக்குத் தமிழில் சொன்னார்: “அவர் சோத்த விட்டுட்டாராம். நான்தான் இன்னும் பேச்ச விடலயாம்.” அன்று டீச்சரும் சாப்பிடவில்லை. ஏழு கறியும் எனக்குத்தான்.

ஒரு பெரிய வெள்ளியன்று கோயிலில் இதையெல்லாம் பேசினார். கமிட்டி கூடியது. இனி இப்படிப் பேசமாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள்.

“ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லலைங்க. புடிச்சிருக்கிற கைய விடுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க. விட்டா விழுறதுக்கு ‘நான்’னு ஒரு ஆளே இல்லைங்கிறாரு ஹாமதுரு. விட்டா தாங்கிக்க ஒருத்தர் இருக்காருன்னு நான் நம்புறேன். நான் வேதக்காரிதான். ஆனா எழுதித் தரமாட்டேன்.”

செபம் நடத்தும் பொறுப்பைக் கடிதம் கொடுத்துப் பறித்தார்கள். அந்தக் கடிதத்தை எழுதியவன் கமிட்டிச் செயலாளராகிய நான். இன்றுவரை வெட்கப்படுகிறேன். டீச்சர் வாசித்துவிட்டு, “எழுத்து அழகா இருக்கு மாஸ்டர்” என்றார். வேறு யாராயிருந்தாலும் கோயில் பக்கமே வந்திருக்கமாட்டார்கள். அவர் அடுத்த ஞாயிறு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார். அவர் எழுதியதை வாழ்ந்தும் காட்டினார்.

அந்தப் பெரிய வெள்ளிப் பேச்சு இருக்கும் நோட்டுப் புத்தகத்தை அவருடைய தம்பியிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு அதை டீச்சர் நின்ற இடத்திலேயே நின்று வாசிப்பேன். கமிட்டிக்கு ஆட்சேபம் இருந்தால் எனக்கும் கடிதம் தரட்டும். அதை எழுத வேறு செயலாளரைத் தேடிக்கொள்ளட்டும்.