கேட்டில் தொங்கிய துண்டு

பழனியப்பன் போய்விட்டார் என்ற செய்தி சுரங்க டவுன்ஷிப்பில், எங்கள் பிளாக்கில் கடைசியாகத் தெரிந்தது எனக்குத்தான். சாயங்காலம் ஒரு டீ குடிக்கலாமென்று கடைப் பக்கம் போனேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான் எழுந்தீங்களா சார்? யாரும் எழுப்பலையா? உங்க சிநேகிதர் காலையில மாரடைப்புல போயிட்டாரு. எடுத்தாச்சு. போனவங்க எல்லாம் குளிச்சிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க."

அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது என் வீட்டு கேட். அதில் நீலக்கோடு போட்ட ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் துண்டின் வரலாறு அவரை அறிந்த உங்களில் பலருக்குத் தெரியும். பின்னால் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.

பழனியப்பன் ஒர்க் ஷாப்பில் சார்ஜ்மேன், ஒரு கூட்டம் மெக்கானிக்குகளுக்கு மேலாள். கோயம்புத்தூர்ப் பக்கம். ஒரு நட்டை முடுக்கினாலும் நாலு பேர் பார்க்க முடுக்குகிறவர். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் வண்டி ஒன்று வைத்திருந்தார். லீவு நாட்களில் பண்ருட்டிக்குப் போய் பிளாக் முழுவதற்கும் காய்கறி ஏற்றிவருவார். அப்போது டவுன்ஷிப்பில் கடைகள் குறைவு. பக்கத்து சீட்டில் நான். பேசுவது என் வேலை.

சுமையோடு திரும்பும்போது மேட்டில் வண்டி நின்றுவிடும். இறங்கி, ஆறவிட்டு, மறுபடி கிளப்பி வந்து சேர்வதற்குள் கீரை துவண்டுவிடும். கூடையோடு காத்திருக்கும் பெண்களின் பார்வை எங்களையும் துவளவைக்கும். ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்திருந்தவர் கரி அப்பிய முகத்தோடு வெளியே வந்தார்.

"இன்ஜின் நல்லாத்தானுங்க இருக்குது ரைட்டரே. மூச்சை இழுக்குது, விட முடியலீங்க. சைலன்சர் பூரா கரி. குழாய் வேற குடல் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா நீங்க எத்தன தூரம் ஓடுவீங்க?"

"பொத்தாவிட்டாலும் ஓடமாட்டேன்" என்றேன்.

பழைய சைலன்சரைக் கழற்றி வீசினார். இரும்புக்கடையிலிருந்து ஒரு பெரிய குழாய் வாங்கிவந்து மாட்டினார். அது அகலம் அதிகமாகி, வண்டி கிளம்பும்போதே சோம்பியது. "புகை வேகமா ஓடோணுங்க. ரொம்ப அகலமாப் போனா அதுவும் உங்களைப்போல உலாத்துது" என்று அதையும் கழற்றினார். மூன்றாவதாக ஒரு நடுத்தரக் குழாய், ஒரே ஒரு வளைவோடு. கார்புரேட்டரையும் திருகித் திருகிச் சரிசெய்தார். வண்டி மேட்டில் ஏறியது பாருங்கள், இளவட்டம் போல! எங்கள் வெற்றியை பிளாக்குக்குக் காட்ட, பட்டப்பகலில் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு வந்தோம். சுரங்கத்தில் வெடி வைக்கிற சத்தம்.

இரண்டாவது தெருவில் தனம் வெளியே வந்தார். அவர் கணவர் சுரங்கத்தில் மண்வெட்டும் இயந்திரத்தின் ஆபரேட்டர்.

"இன்னாங்க இது? ராவெல்லாம் மிசின்ல குந்திக்கினு இருந்துட்டு மனுசன் இப்பத்தான் கண்ண மூடுனாரு. இன்னிக்கும் நைட் ஷிப்டு. மிசின்ல தூங்கி உழுந்துட்டா நீங்களா வந்து என் வூட்டப் பாப்பீங்க?"

நான் கதவோடு ஒட்டிக் குனிந்துகொண்டேன், ஏதோ விழுந்ததைத் தேடுகிறவன் போல. பழனியப்பன் இன்ஜினை நிறுத்தி இறங்கினார். அவ்வளவு ஜம்பக்காரர் கைகூப்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

"தப்புங்கம்மா. பழசை மாட்டுனா மேடு ஏறாதுங்க. ஒண்ணு செய்யுங்க. அவரு தூங்கறப்ப கேட்டுல ஒரு துண்டு போட்டு வைங்க. நான் தள்ளிக்கிட்டே போயிடறேன்."

சொன்னபடி தள்ளினார். இன்ஜின் சக்தி கூடிய பிறகு அந்த வண்டியை நாங்கள் தள்ளிய தூரம், கூடுவதற்கு முன் தள்ளியதைவிட அதிகம். "சத்தம் வண்டியோடதுங்க, வெக்கம் என்னோடதுங்க. நல்லாத் தள்ளுங்க" என்பார். நான் தள்ளுகிற மாதிரி சாய்ந்து நடப்பேன்.

சத்தத்தை அடக்க அவர் பட்ட பாடு தனி. குழாயைச் சுற்றி ஒரு தகர உறை போட்டு, நடுவே தென்னைநார் திணித்தார். பண்ருட்டி கடைத்தெருவில் புகை கிளம்பியது, பிறகு நெருப்பு. பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், "ஐயே, பின்னால அடுப்பு பத்த வச்சிக்கினு போவுதுங்க பாரு!" என்று கத்தி ஒரு குடம் தண்ணீரை வீசினார். பாதி வண்டிக்கு, பாதி எனக்கு. தெருவே சிரித்தது. பழனியப்பன் தன் நீலக்கோட்டுத் துண்டை எனக்குத் துவட்டக் கொடுத்துவிட்டு ஈர வண்டியில் ஏறி, "ரைட்டரே, இதை மட்டும் எழுதிப்போடாதீங்க" என்றார். அடுத்த மாதமே எழுதினேன். படித்துவிட்டு, "குடத்தை அண்டான்னு எழுதியிருக்கலாமுங்க" என்று சொன்னார்.

தனம் போட்ட துண்டு பிளாக் முழுக்கப் பரவியது. துண்டு தொங்கினால் கீரைக்காரி கூவமாட்டாள், தபால்காரர் மணியடிக்கமாட்டார், சண்டைக்கு வந்தவர்கள்கூட எழுந்த பிறகு வருவார்கள். யாரும் அதில் ஏமாற்றியதில்லை, என்னைத் தவிர.

நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. எனக்கும் ஷிப்ட் மாறும். ஆனால் அவர் போன அன்று எனக்கு லீவு. ஒரு மலருக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுத உட்கார்ந்திருந்தேன். மனைவி ஊருக்குப் போயிருந்தாள். யாரும் கதவைத் தட்டக்கூடாது என்று விடியற்காலையில், அவர் அன்று துவட்டக் கொடுத்த துண்டை எடுத்து கேட்டில் போட்டேன்.

டீக்கடையிலிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போனேன். தலைமாட்டில் விளக்கு எரிந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவர் மைத்துனர் என்னிடம் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. "ரெண்டு தடவை வந்தேனுங்க. துண்டு கிடந்துச்சு. மச்சான் இருந்திருந்தா எழுப்ப விட்டிருக்க மாட்டாரு" என்றார்.

அங்கே இருந்த தனம் என்னோடு வாசல்வரை வந்தார். "அவரோட வண்டியிலதான் எடுத்துக்கினு போனாங்க. உங்க வூட்டாண்ட வந்ததும் மோளத்த நிறுத்தச் சொன்னாங்க. இஞ்சினையும் அமத்திட்டு எல்லாருமாத் தள்ளுனாங்க. எங்க வூட்டுக்காரருந்தான். உங்களுக்கு ராத்திரி டூட்டின்னு நெனச்சிக்கினோம். தூங்குனீங்களா சார்?"

தலையாட்டினேன். அது இரண்டாவது பொய்.

மேளச் சத்தம் என் காதில் விழுந்தது. தெரு முனையில் கேட்டபோது எழுத்து தடைப்பட்டு எரிச்சலோடு பேனாவை வைத்தேன். என் வீட்டருகே வந்ததும் சட்டென்று நின்றது. அப்பாடா என்று, ஒரு வேடிக்கையான வரியை எழுதி முடித்தேன். அந்த நேரம் அவர் என் கேட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

அந்தக் கட்டுரையை நான் அனுப்பவில்லை. அவருடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தத் துண்டு ஒன்றுதான். இப்போதெல்லாம் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போதும் அதை வெளியே போடுவதில்லை. கீரைக்காரி கூவுகிறாள், தபால்காரர் மணியடிக்கிறார். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்துபோய் யாரென்று பார்த்துவிட்டு வருகிறேன்.