வேலிகாத்தானை ஒழித்த கதை

உத்திரமேரூர் பக்கம், எங்கள் ஊரை ஒட்டிய காப்புக்காட்டில் வேலிகாத்தான் புகுந்து வெகுகாலமாகிறது. சீமைக்கருவேலத்தைத்தான் அப்படிச் சொல்வோம். காட்டின் சொந்த மரங்களான வீரையும் காயாவும் அதன் முள்ளுக்கு நடுவே மூச்சுமுட்டிக் கிடந்தன. அதை ஒழிக்க வனத்துறை அனுமதியோடு ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் நான்தான். ஓய்வுபெற்று வீட்டில் சும்மா இருந்தேன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் எனக்கு இல்லை.

முதல் கூட்டத்திலேயே குற்றவாளியைப் பிடித்துவிட்டோம். ஆடு! அது வேலிகாத்தான் காயைத் தின்று போடும் புழுக்கையில்தான் விதை பரவுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், அது உண்மையும்கூட. ஊரில் ஆடு வைத்திருந்தவர் எதிர்வீட்டு அம்மா ஒருவர்தான். கணவர் இறந்தபின் அந்தப் பன்னிரண்டு ஆடுகள்தான் அவருக்குப் பிழைப்பு. இனி காட்டுக்குள் ஆடு வரக்கூடாது என்று நானே போய்ச் சொன்னேன்.

“வேற எங்கண்ணா ஓட்டிக்கினு போவேன்? சுத்தியும் நெல்லு போட்டுக்கீறாங்க. இதுங்கள வுட்டா எனக்கு இன்னா கீது?”

“காடு நல்லா இருந்தா எல்லாருக்கும் நல்லதும்மா” என்றேன், மேடையில் பேசுவதுபோல.

ஒரு மாதம் கட்டிப்போட்டுத் தழை வாங்கிப் போட்டுப் பார்த்தார். பிறகு வாலாஜாபாத்திலிருந்து வியாபாரி வந்து எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். ஆடுகள் கத்திய கத்தலில் நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

குழுவின் வேலை ஜோராக நடந்தது. பொக்லைன் வந்து வேலிகாத்தானை வேரோடு பிடுங்கிப் போட்டது. காலியான இடத்தில் வீரைக் கன்றும் காயாக் கன்றும் நட்டோம். கன்று நட்டால் சுற்றிலும் முள் அடைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். முள்ளுக்கா பஞ்சம்? பிடுங்கிய வேலிகாத்தான் மலைமலையாகக் கிடந்ததே! பழுத்த காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்க, அதையே வெட்டி ஒவ்வொரு கன்றையும் சுற்றி அடைத்தோம். செலவில்லாமல் வேலி போட்ட என் சாமர்த்தியத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். போட்டோவில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருக்கிறேன்.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு கன்றைச் சுற்றியும், யாரோ வட்டம் போட்டு விதைத்ததுபோல், சாண் உயரத்துக்கு வேலிகாத்தான் முளைத்திருந்தது. நட்ட கன்றைத் தேட வேண்டியிருந்தது.

“எவனோ திருட்டுத்தனமா ஆட்ட வுட்டுக்கினு கீறான்” என்றார் குழுச் செயலாளர். காவல் போடத் தீர்மானமும் எழுதினார். எனக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

செடிகளைப் பிடுங்கக் கூலிக்கு ஆள் வைத்தோம். எதிர்வீட்டு அம்மாவும் வந்திருந்தார். ஒரு கன்றின் பக்கத்தில் குனிந்து செடியைப் பிடுங்கியவர், வேலி முள்ளுக்கடியில் கிடந்த காயைக் கையில் எடுத்தார். வெடித்த காய்க்குள் முளைவிட்ட விதை இருந்தது. சுற்றிலும் தரையைப் பார்த்தார்.

“ஒரு புழுக்க கூட காணமேண்ணா.”

குரலில் கோபமே இல்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரை வந்தது. செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேரோட புடுங்கும்மா” என்றேன்.