முன்சீட்டில் உட்காராதீங்க, டீச்சர்

மடுல்சீமைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பதுளையிலிருந்து தினமும் கணவர்தான் காரில் கொண்டுபோய் விடுவார். வழியெல்லாம் கடலை உரித்து அவர் வாயில் போட்டுக்கொண்டே பேசுவேன். எங்களுக்கென்று கிடைக்கும் நேரம் அதுதான்.

போன வருடம் சர்வீசுக்கு விட்டபோது, மெக்கானிக் காரின் சேசி நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இனி முன்சீட்ல உக்காராதீங்க. இந்த மாடல்ல இடதுபக்க ஏர்பேக் பழுது. கார் எதிலயாவது மோதி அது வெடிச்சா இரும்புத் துண்டும் சேந்து மூஞ்சில பாயும்."

இரண்டு வருடம் அதன் முன்னால் உட்கார்ந்து கடலை உரித்திருக்கிறேன்! பழைய காராக வாங்கும்போது பெயின்டைப் பார்த்தோம், ஏசியைப் பார்த்தோம், அந்த நம்பரை யாரிடமும் விசாரிக்கவில்லை.

புது ஏர்பேக் கேட்டுக் கொழும்பிலுள்ள கம்பெனிக்கு எத்தனையோ முறை கோல் எடுத்துவிட்டோம். பதினொரு மாதமாக ஒரே பதில்: "அடுத்த மாசம் வரும் மிஸ்."

பின்சீட்டிலிருந்து எனக்குத் தெரிவது அவருடைய பின்னந்தலை மட்டும். வழியில் பசறையில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய், வாடகைக் கார் என்று நினைத்து, "ஹயர் புடிச்சா வர்றீங்க டீச்சர்?" என்று கேட்டார். கணவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் சேசி நம்பரை விசாரியுங்கள். நாங்கள் இப்போது வெள்ளிக்கிழமைகளில் காரை வீட்டில் விட்டுவிட்டு, பஸ்ஸில் இரண்டு பேர் சீட் பிடித்துக் கடலையோடு போகிறோம். அவருக்கு மடுல்சீமையில் ஒரு வேலையும் கிடையாது. என்னை இறக்கிவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பிவிடுவார்.