எனக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. மெல்பேர்னில் டண்டினொங்கில் உள்ள ஒரு சின்ன மண்டபத்தில் இது நடந்தது. இங்கே ஆடி என்றால் நல்ல குளிர். நாங்கள் இருப்பது ரோவில்லில். மகளுக்கு டண்டினொங்கில் அரை நாள் வேலை. போகிறபோது என்னையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மத்தியானம் வந்து ஏற்றுவாள். வீட்டில் தனியே விட்டால் நான் சுவரோடு கதைக்கத் தொடங்கிவிடுவேன் என்று அவளுக்குப் பயம்.

அந்த மண்டபத்தில் மாதத்தில் ஒரு நாள் வயது போனவர்களுக்குப் படம் போடுவார்கள். முடிந்ததும் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும். நான் போவது பெரும்பாலும் பிஸ்கட்டுக்குத்தான். திரையில் கீழே ஆங்கில எழுத்து ஓடும். எனக்கு அது எறும்பு ஊர்கிற மாதிரி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். "வளைக்காமல் விஷயத்துக்கு வாங்கோ அப்பா" என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விஷயத்துக்கு வர முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு தியேட்டரின் சைக்கிள் பார்க்கில் நான் பதினொரு வருடம் வேலை செய்தவன். படம் பார்க்க வருகிறவர்களின் சைக்கிள்களை வாங்கி வரிசையாக நிறுத்திக் கயிறு கட்டி வைக்க வேண்டும். படம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து விழுவார்கள். அதற்கு முன் கயிற்றை அவிழ்த்துத் தயாராக நிற்க வேண்டும். உள்ளே போய்ப் படம் எதுவரை ஓடிவிட்டது என்று பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. தகரச் சுவருக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் போதும். சனம் எங்கே சிரிக்கிறது, எங்கே விசில் அடிக்கிறது, எங்கே மூக்கைச் சீறுகிறது என்பதை வைத்தே படம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவேன்.

அப்படி ஒரு ஹொங்கொங் படம் நாற்பது நாள் ஓடியது. சீனர்களின் கன்ரனீஸ் பாஷை. சண்டையும் பகிடியும் கலந்த படம். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறவன், அங்கே சமைக்கிற கிழவரிடம் அடிதடி பழகுகிற கதை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கடையில் ஆட்கள் இருக்கிற வாங்கையும் அகப்பையையும் அரிசிச் சாக்கையும் வைத்து அடிபடுகிறார்கள் என்று சனம் கூரை பறக்கச் சிரித்தது. தமிழ்ப் படத்துக்கே வராத கிழவர்கள் வந்தார்கள். ஒருவர் ஏழு தரம் வந்தார். அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "தம்பி, இந்தப் படத்திலைதான் ஒருத்தரும் எனக்குப் புத்தி சொல்லேல்லை" என்றார்.

ஓர் இடத்தில் மட்டும் சனம் அடங்கிவிடும். அந்தச் சமையல்காரக் கிழவர் சாகிற இடம். அந்த அமைதி வந்தால் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்குவோம். நாற்பது நாளும் அந்த இடத்தில் ஒரு மனிதர் சிரித்து நான் கேட்டதில்லை.

டண்டினொங்கில் அன்று போட்டது அதே படம். முதல் வாங்குச் சண்டையின் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

மண்டபத்தில் இருபது பேர்கூட இல்லை. யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை இழுத்துவிட்டிருந்தார்கள். கூரையில் மழை. வெள்ளைக்காரர்கள் மரியாதைக்கு இரண்டு தரம் சிரித்தார்கள். ஒரு தம்பதி அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போய்விட்டார்கள். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் மட்டும் மனம்விட்டுச் சிரித்தார். கீழே எழுத்து வருவதற்கு முன்பே சிரித்ததால் அந்தப் பாஷைக்காரர் என்று தெரிந்தது. எனக்கு அது பெரிய உதவி. அவர் சிரித்தால் நானும் சிரித்தேன். திரும்பி முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற காலத்தில் நான் யாருடைய முகத்தைப் பார்த்தேன்?

சமைக்கிற குசினிக்குள் நடக்கிற சண்டை வந்தது. பின்னால் சிரிப்பு மெலிந்து, விசில் மாதிரி இழுத்து இழுத்து வந்தது. சிரித்துச் சிரித்து மனுசன் களைத்துவிட்டார் என்று நினைத்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு இன்னும் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கச் சிரித்தேன்.

பிறகு கிழவர் சாகிற இடம். அந்த அமைதி, எனக்குத் தெரிந்த அதே அமைதி, மண்டபத்தில் இறங்கியது. அதற்குள் பின்னாலிருந்து சிரிப்பு. மிகவும் மெல்லியது. விட்டு விட்டு வந்தது.

எனக்கு முதுகு சில்லிட்டது. அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. ஷெல் விழுந்து தரைமட்டமாகிவிட்டது. அன்று அதற்குள் இருந்து சிரித்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? அந்த ஏழு தரம் வந்த மனுசன் யுத்த காலத்தில் ஒரு காலை வீட்டிலிருந்து போனவர், திரும்பி வரவில்லை. அவர்களில் ஒருவர் இவ்வளவு தூரம் தேடி வந்து எனக்குப் பின்னால் இருக்கிறார் என்றே நினைத்தேன். சொன்னால் பைத்தியம் என்பீர்கள். அந்த இருட்டில் இருந்திருந்தால் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

என் கதிரையின் முதுகில் தட்டினார்கள். ஒரு தரம். பிறகு இன்னொரு தரம். அடுத்ததாக என் தோளில் ஒரு கை விழுந்தது. சட்டைக்கு மேலாகவே குளிர் தெரிந்தது. நான் அதை உதறிவிட்டேன். "முருகா" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கண்ணை மூடியபோதுதான் காது வேலை செய்தது. சிரிப்பு என்றால் சத்தம் வாயிலிருந்து வெளியே வர வேண்டும். இது உள்ளே போகிற சத்தம். யாரோ காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கிறார்கள். அது போகவில்லை.

திரும்பினேன். திரை வெளிச்சத்தில் ஒரு சீனக் கிழவர். என் வயதுதான் இருக்கும். வாய் சிரிக்கிற மாதிரித் திறந்திருந்தது. உதடு நாவற்பழ நிறம். கண் மட்டும் என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

எப்படி அந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. "லைற்றைப் போடுங்கோ" என்று தமிழில் கத்தினேன். ஒரு கிழவி "ஷ்ஷ்" என்றாள். அவரை முன்பக்கம் குனிய வைத்து, நெஞ்சை ஒரு கையால் தாங்கி, மற்ற உள்ளங்கையால் முதுகில் அடித்தேன். ஐந்தாவதோ ஆறாவதோ அடியில் ஏதோ தெறித்து நிலத்தில் உருண்டது. அவர் வாயில் போட்டுச் சூப்பிக்கொண்டிருந்த, உப்பில் ஊறிக் காய்ந்த பழத்தின் கொட்டை. அவர் மூச்சை இழுத்தார்.  லைற் வந்தது. படத்தை நிறுத்த ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அது தன்பாட்டில் அடிபட்டுக்கொண்டிருந்தது.

அம்புலன்ஸ் வந்து பார்த்தது. அவருடைய மகளும் வந்தாள், என் மகளும் வந்தாள். அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து "தாங்க் யூ அங்கிள்" என்று பல தரம் சொன்னாள்.  என்னையே பார்த்துக்கொண்டிருந்த கிழவர், பிறகு தன் மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் என் மகளிடம் சொன்னாள்.

"அப்பா, அவர் ஒண்டு கேக்கிறார். கோவிக்காதேங்கோ" என்றாள் மகள்.

"என்னவாம்?"

"தனக்கு மூச்சு வராமல் இருக்கேக்கை நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள் எண்டு."

அவர் அடைத்துப்போய் இருந்தபோது, முன்னால் என் தோள் குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அவர் சிரிக்கிறார் எண்டு நினைச்சுத்தான் நானும் சிரிச்சனான் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். "எப்ப தொடக்கம் அப்பிடி இருந்தது எண்டும் கேள்."

தமிழ் ஆங்கிலமாகி, ஆங்கிலம் சீனமாகி, பதில் அதே வழியால் திரும்பி வர நேரம் எடுத்தது. குசினிச் சண்டை தொடங்க முதலே என்றார். அப்படியானால் நான் அவரோடு சேர்ந்து சிரித்ததில் பாதி நேரம் அவர் சிரிக்கவே இல்லை.

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பார். இன்னும் ஏதோ சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார்.

"தன்ரை சிரிப்பே அப்பிடித்தானாம் அப்பா. சாகப் போற ஆள் மாதிரிச் சிரிக்கிறீர் எண்டு மனுசி முந்திப் பேசுறவவாம்."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார். நான் உதறிவிட்ட கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதை எழுதுகிறபோதுதான் மகளுக்கே தெரிகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

இப்போதெல்லாம் பக்கத்தில் யாராவது சிரித்தால் முதலில் திரும்பி அவர்களுடைய கண்ணைப் பார்க்கிறேன். பார்த்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது, சில நேரம் வருவதே இல்லை.