பெல்ஜியப் படக்கதையும் மிராசுதார் மீசையும்

படக்கதைக்குத் தமிழ் வசனம் எழுதுவது, நிரம்பி வழிகிற டவுன் பஸ்ஸில் இன்னும் நாலு பேரை ஏற்றுகிற வேலை. தஞ்சாவூரில் ஒரு சின்ன அச்சகத்தில், பெல்ஜியம் நாட்டுப் படக்கதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கிச் சில வருஷம் பிழைத்தேன். மொழிபெயர்த்து அவதிப்படும் சக ஜீவன்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

மரியாதைக்கு இடமில்லை

படத்தில் பேச்சு வருகிற வட்டத்தைப் பலூன் என்போம். அந்த ஊர் ஓவியர் தன் மொழிக்கு அளவெடுத்து அதை வரைந்துவிடுவார். தமிழ் உள்ளே நுழையாது. ஒரு கதையில் ராஜாவைச் சேவகன் வரவேற்கிறான். ‘வாருங்கள் அரசே, அமருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். பலூனுக்குள் கையால் எழுதுகிறவர் கூத்தாநல்லூர் பஷீர் பாய். அளந்து பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“‘வா, உக்காரு’ன்னா அடங்கும் சார். மரியாதை வேணும்னா ராஜா தலையில பாதிய அழிக்கணும்.”

மூன்றாவது மொழி

ஒரு இதழில் இரண்டு பக்கம் காலியாக இருந்தது. அத்தனை சின்ன நாட்டில் இத்தனை படக்கதை எப்படி வந்தது என்று எழுதி நிரப்பினேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் நாட்டைப் பிடித்ததும் அமெரிக்கப் படக்கதைகள் வருவது நின்றுபோனது. வெற்றுப் பக்கங்களை உள்ளூர் ஓவியர்களே நிரப்பினார்கள். போர் முடிந்ததும் வாரப் பத்திரிகைகளில் தொடராக வந்தவை, கெட்டி அட்டைப் புத்தகங்களாகி, பிரெஞ்சிலும் டச்சிலும் விற்றன. ஜெர்மன் பேசுகிறவர்களும் அங்கே ஒரு ஓரத்தில் உண்டு. இடம் போதாமல் அவர்களை விட்டுவிட்டேன்.

ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் அதைப் படித்துவிட்டுத் தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மொழிப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். விட்டுப்போன ஜெர்மன் மொழியைப் பற்றி வாய் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“நாளைக்குப் பொதுக்கூட்டத்துல இதத்தான் பேசப்போறேன். ரெண்டே மொழி. மூணாவத உள்ள விடாம எப்படி வளந்திருக்கான் பாருங்க.”

யார் மீசை?

விவசாயத் தொழிலாளிகள் அறுவடைக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த சமயம். எங்கள் கதையிலோ, குடியானவர்கள் ஒரு பிரபுவின் வயலில் அரிவாளைக் கீழே போட்டுவிட்டார்கள். பிரபுவுக்குப் பெரிய முறுக்கு மீசை. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து மிராசுதார் ஒருவர், அது தன் படம்தான், ஆட்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்று புகார் கொடுத்துவிட்டார். எங்கள் இருவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். அச்சகத்துக்குச் சீல் வைத்தால் பஷீர் பாய் குடும்பமும் என் குடும்பமும் தெருவில்தான். வரைந்தவர் பெல்ஜியத்தில் இருக்கிறார், இவர் மீசையைப் பார்த்திருக்கவே வழியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

இன்ஸ்பெக்டர் படத்தை நிதானமாகப் பார்த்தார். கோட்டை வாசலிலிருந்து மலையடிவாரம் வரை பிரபுவின் வயல். நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, பெரிய பண்ணைகள் நிலத்தை உறவுக்காரர்கள் பெயரில் எழுதிவைத்திருந்த காலம் அது. இது நீங்கள்தான் என்றால் இவ்வளவு நிலமும் உங்களுடையதா என்று அவர் கேட்டார். மிராசுதார் புகார்த் தாளைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டார்.

“மீசை மட்டுந்தாங்க என்னுது. நிலத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல.”

யாரோ வரைந்த படத்துக்கு நான் இத்தனை பேரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், வசனமே இல்லாத படக்கதைகளாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருப்பேன்.